எல்லைச் சாவடியில் ஒரு மயில்

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயிலில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி வந்ததும் கூட்டம் திபுதிபுவென்று இறங்கிவிடும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம் என்று இரண்டே ஸ்டேஷன். தமிழ்நாடு அத்தோடு சரி. அடுத்து வரும் தடா, ஆந்திரா.

எங்கே ஒரு மாநிலம் முடிந்தது, எங்கே இன்னொன்று ஆரம்பித்தது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதே முள்காடு, அதே வெயில். கிழக்கே இருக்கும் பழவேற்காடு ஏரி இன்னும் குழப்பம். பெரும்பகுதி ஆந்திராவில், மிச்சம் நம் பக்கம். ஏரி இறாலுக்குத் தான் எந்த மாநிலத்துப் பிரஜை என்று தெரிய நியாயமில்லை.

ரோட்டில் மட்டும் தெரியும். எளாவூர் சோதனைச்சாவடி! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை எல்லைச் சாவடிகளில் வணிகவரிக்காரர்கள் லாரியை ஓரம்கட்டச் சொல்லி பில்லைக் கேட்பார்கள். என்ன சரக்கு? எந்தத் தலைப்பில் வருகிறது? எத்தனை சதவிகிதம்? சரக்கு என்னவோ அதேதான். பில்லில் எழுதிய பெயர் மாறினால் வரி மாறிவிடும். பி.காம். படித்த எவரையும் கேளுங்கள், கணக்கு எழுதுவதில் கஷ்டமான வேலை கூட்டுவதும் கழிப்பதும் கிடையாது. எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான்.

கதைகளுக்கும் இப்படி ஒரு சாவடி உண்டு. ஒரு பக்கம் 'விஞ்ஞானக் கதை' என்று போர்டு. பண்டிதர்கள் அறிவியல் புனைகதை என்பார்கள். இன்னொரு பக்கம் 'மாயாஜாலக் கதை'. ஃபேன்டஸி, மிகுபுனைவு என்றெல்லாம் சொல்கிறார்களே, அது. பறக்கிற கதை, மறைகிற கதை, காலம் தாண்டுகிற கதை எல்லாம் இந்தச் சாவடியில் லாரி லாரியாக வந்து நிற்கின்றன. எதை எந்தப் பக்கம் அனுப்புவது?

'கதைதானே சார், எந்தப் பக்கம் போனால் என்ன?' என்று நினைக்கிறீர்கள் இல்லையா? இதைப்போன்ற ஒரு சமாசாரம் அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது.

அந்த ஊர் சுங்கச் சட்டத்தில் அப்போது மனித உருவம் இருந்தால் 'பொம்மை', வரி 12 சதவிகிதம். மனிதன் அல்லாத உருவம் என்றால் 'மற்ற விளையாட்டுச் சாமான்', வரி 6.8 சதவிகிதம். டாய் பிஸ் என்ற கம்பெனி 'எக்ஸ்-மென்' கதாபாத்திரங்களின் உருவங்களை இறக்குமதி செய்தது. கதைப்படி அவர்கள் விசேஷ சக்தியோடு பிறந்தவர்கள். கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? 'இவர்கள் மனிதர்களே அல்ல!' எக்ஸ்-மென் கதைகளின் உயிரே 'நாங்களும் மனிதர்கள்தான்' என்ற முறையீடுதான். அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, பாதி வரிக்காக இந்த வாதம். 2003 ஜனவரியில் சர்வதேச வர்த்தகத்துக்கான அமெரிக்க நீதிமன்றம் கம்பெனி சொன்னதை ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

ஆக, கோடு போடுவது சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் லாரிகளைப் பார்ப்போம்.

முதல் மூட்டை, இரும்புக்கை மாயாவி. நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு சந்தோஷம் வரும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழின் நாயகன் இவர்தான். அசல், 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் வர ஆரம்பித்த படக்கதை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயி கிராண்டேல் ஒரு விபத்தில் கையை இழக்கிறார். இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் தாக்கினால் ஆள் மறைந்துவிடுவார், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

ஆய்வுக்கூடம், மின்சாரம், செயற்கைக் கை. எல்லாமே விஞ்ஞானச் சரக்கு. பேச்சில்லாமல் விஞ்ஞானக் கதை லாரிதான். ஆனால், சிவகாசியில் அவருக்கு வைத்த பெயர் என்ன? மாயாவி! நம் புராணத்தில் மாயாவி என்றால் அசுரன், மாயம் செய்பவன். ஆங்கிலத்தில் வெறும் 'இரும்பு நகம்' என்று வந்த மனிதர் தமிழுக்கு வந்ததும் மந்திரவாதிகளின் குலத்தில் சேர்ந்துவிட்டார்.

இது தப்பா, சரியா? அவசரப்பட வேண்டாம். அதற்கு முன் ஓர் ஆயிரம் வருடம் பின்னால் போய்வருவோம்.

ஐம்பெருங்காப்பியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதில் இரண்டில் பெண்கள் வானத்தில் பறக்கிறார்கள். ஒருத்தி மணிமேகலை, இன்னொருத்தி விசயை.

சாத்தனாரின் மணிமேகலையை, மணிமேகலா தெய்வம் மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அங்கே அவளுக்கு மூன்று மந்திரங்கள் சொல்லித் தருகிறது. வேறு உருவம் எடுக்க ஒன்று, வானில் பறக்க ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. அதன் பிறகு அவள் நினைத்த இடத்துக்குப் பறக்கிறாள்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் கதையே வேறு. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன். அரசி விசயை கர்ப்பிணி. கெட்ட கனவு காண்கிறாள். ஆட்சியை ஒப்படைத்திருந்த அமைச்சன் கட்டியங்காரன் கவிழ்க்கப் போகிறான் என்ற பயம். அரசன் என்ன செய்கிறான்? தவம் செய்யவில்லை, வரம் கேட்கவில்லை. ஒரு தொழில் தெரிந்தவனைக் கூப்பிட்டு, பறக்கும் மயில் ஒன்றைச் செய்யச் சொல்கிறான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த மயிலை எதனால் செய்தார்கள் என்று தேவர் பட்டியல் போடுகிறார். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. எத்தனை நாளில்? ஏழு நாள். எப்படி ஓட்டுவது? சாவியைப்போல ஒரு பொறி. வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். அரசி அதை ஓட்டப் பழகிக்கொள்கிறாள். மூலப்பொருள் பட்டியல், டெலிவரி தேதி, இயக்கும் முறை, பயிற்சி... சிப்காட்டில் ஓர் ஆர்டர் போட்டதுபோல இல்லையா?

கடைசியில் கட்டியங்காரன் கோட்டையைச் சூழ்ந்துகொள்ள, அரசி மயிலில் ஏறித் தப்புகிறாள். மன்னன் மாண்டான் என்பதைச் சொல்லும் வெற்றி முரசு காதில் விழுகிறது. மயில் ஒரு சுடுகாட்டில் போய் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான்.

இரண்டு பெண்களும் பறந்தார்கள். ஆனால், ஒரே மாதிரி பறக்கவில்லை. மணிமேகலையின் சக்தி அவளுக்காக வந்தது. தெய்வம் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கொடுத்ததைப் பறிக்கவும் வழி உண்டு. அதே காப்பியத்தில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் ஒரு முனிவருடைய நாவற்பழத்தை மிதித்துவிடுகிறாள். சாபம். பன்னிரண்டு வருடப் பசி, பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது. விசயையின் மயிலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த முனிவர் கோபித்துக்கொண்டாலும் வலப்பக்கம் திருகினால் அது ஏறித்தான் ஆகவேண்டும். கட்டியங்காரன் திருகினாலும் ஏறும், நீங்கள் திருகினாலும் ஏறும். அரக்கு உருகினால்தான் வில்லங்கம்.

எல்லைக்கோடு எங்கே என்று கேட்டீர்களே... இங்கேதான் என்பேன். பறப்பதில் இல்லை, எப்படிப் பறக்கிறார் என்பதில் இருக்கிறது. சக்தி ஆளிடம் இருந்தால் மாயாஜாலம். சாவியில் இருந்தால், யார் வேண்டுமானாலும் வாங்கித் திருகலாம் என்றால், விஞ்ஞானக் கதை. இதற்குச் 'சாவிச் சோதனை' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-ல். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். ஆகவே, விமானத்தைப் பார்த்துவிட்டு யாரும் மயிலைச் செருகிவிடவில்லை. விமானமே இல்லாத உலகத்தில் ஒரு ஜைன முனிவர் 'பறக்க வேண்டுமென்றால் மந்திரம்தான் வேண்டுமா, எவனாவது செய்து தரக்கூடாதா?' என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை பெரிய யோசனை.

வெளிநாட்டில் இந்தக் கோட்டுக்காகப் பெரிய மனிதர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஜூல் வெர்ன் 1865-ல் ஒரு நாவல் எழுதினார். மாபெரும் பீரங்கியில் குண்டு மாதிரி மனிதர்களை வைத்து நிலாவுக்குச் சுடுவார்கள். 1901-ல் இங்கிலாந்தின் ஹெச்.ஜி.வெல்ஸ் தன் ஆட்களை நிலாவுக்கு அனுப்பினார். புவியீர்ப்பைத் தடுக்கும் கேவரைட் என்று ஒரு பொருளைக் கற்பனை செய்து, அதைப் பூசிய கோளத்தில்! வெர்னுக்குப் பொறுக்கவில்லை. நான் பௌதிகத்தைப் பயன்படுத்துகிறேன், அவரோ இஷ்டத்துக்குக் கற்பிக்கிறார், அந்தப் பொருளைக் கண்ணில் காட்டட்டும் பார்ப்போம் என்கிற தொனியில் ஒரு பேட்டியில் பொரிந்து தள்ளினார்.

வேடிக்கை என்னவென்றால், வெர்னின் பீரங்கியில் போனால் கிளம்பிய நொடியே உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். அத்தனை திடீர் வேகத்தை மனித உடம்பு தாங்காது. ஆக, 'நான்தான் அசல் விஞ்ஞானம்' என்றவருடைய கணக்கும் தப்பு! அதற்காக வெர்னை மாயாஜாலக் கட்சியில் சேர்த்துவிடலாமா? கூடாது. விஞ்ஞானக் கதை என்றால் விஞ்ஞானம் சரியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பீரங்கியோ கேவரைட்டோ, காசு இருந்தால் எவரும் டிக்கெட் எடுத்து ஏறலாம். சாவிச் சோதனையில் இருவரும் பாஸ்.

இந்தச் சரக்குக்குத் தனியாக ஒரு கடை போட்டவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய், ரேடியோ உதிரிபாகங்கள் விற்றவர். 1926 ஏப்ரலில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையை ஆரம்பித்தார். முக்கால் பங்கு இலக்கியம், கால் பங்கு விஞ்ஞானம் என்பது அவருடைய கலவை விகிதம். சிமென்டும் மணலும் மாதிரி! அவர் பெயரில்தான் ஹ்யூகோ விருது வழங்குகிறார்கள்.

அடுத்து ஜான் கேம்ப்பெல் என்ற ஆசிரியர். 1930-களின் கடைசியில் அவர் கையில் இரண்டு பத்திரிகைகள். 'அஸ்டவுண்டிங்' விஞ்ஞானக் கதைக்கு. 1939-ல் ஆரம்பித்த 'அன்நோன்' ஃபேன்டஸிக்கு. இரண்டிலும் எழுதியவர்களில் பலர் ஒரே ஆட்கள். கதை மேஜைக்கு வந்ததும் ஆசிரியர் இந்தப் பெட்டியில் போடுவார், அல்லது அந்தப் பெட்டியில் போடுவார். 1943-ல் யுத்த காலக் காகிதப் பஞ்சத்தில் 'அன்நோன்' நின்றுபோனது. எல்லைக்கோட்டைக் காகித விலையும் நகர்த்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

உட்பிரிவுகளும் இப்படிப் பிறந்தவைதான். இயற்பியல் கணக்குக்குள் நின்று எழுதினால் 'ஹார்ட்' வகை. கிரகம் விட்டுக் கிரகம் தாவி வீரசாகசம் செய்தால் 'ஸ்பேஸ் ஓபரா'. 1941-ல் வில்சன் டக்கர் என்பவர் கிண்டலாக வைத்த பெயர் இது. சோப் கம்பெனிகள் காசு கொடுத்த வானொலி அழுகாச்சித் தொடர்களை அமெரிக்காவில் 'சோப் ஓபரா' என்பார்கள், அதை வைத்து ஒரு குத்தல். பிற்பாடு அதுவே கௌரவமான பெயராகிவிட்டது. கம்ப்யூட்டரும் குற்றமும் கலந்த இருட்டு நகரத்துக் கதை என்றால் 'சைபர்பங்க்'. 1984-ல் வில்லியம் கிப்சனின் 'நியூரோமேன்ஸர்' வந்த பிறகு பிரபலமானது. நீராவி எஞ்சின் காலத்திலேயே மகா யந்திரங்கள் இருந்திருந்தால் என்று யோசித்தால் 'ஸ்டீம்பங்க்', 1987-ல் வைத்த பெயர். கடைக்காரருக்கு அலமாரி வேண்டும், அலமாரிக்குச் சீட்டு வேண்டும்.

சீட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்கலம், ரோபோ, லேசர் துப்பாக்கி எல்லாம் உண்டு. ஆனால், நடுவில் இருக்கும் சக்தி என்ன? குருவிடம் கற்றுக்கொள்ளும் 'ஃபோர்ஸ்'. பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது. குரு, சிஷ்யன், அரக்கன், இளவரசி... விட்டலாச்சாரியா படத்தை ராக்கெட்டில் ஏற்றியது மாதிரி. அதனால் அது மட்டமில்லை. லாரி வேறு, அவ்வளவுதான்.

விட்டலாச்சாரியா என்றதும் நம் எல்லைப் பிரச்னை மறுபடி வருகிறது. தெலுங்கும் தமிழும் மாயாஜாலத்தில் ஒரே குடித்தனம். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய விஜயா நிறுவனம்தான் 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) படங்களை இரண்டு மொழியிலும் எடுத்தது. தடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பூதத்தைப் பார்த்து ஒரே மாதிரி வாய் பிளந்தார்கள்.

அந்த மாயா பஜாரில் ஒரு பெட்டி உண்டு. பிரியதர்சினி என்று பெயர். திறந்தால், மனசுக்குப் பிடித்தவர் அதில் தெரிவார். சசிரேகா அதில் அபிமன்யுவைப் பார்ப்பாள். இப்போது 'அந்தக் காலத்திலேயே லேப்டாப்!' என்று அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1957-ல் உலகத்தில் டெலிவிஷன் இருந்தது, நம்மிடம்தான் இல்லை. டெல்லிக்கு 1959-ல் வந்தது, சென்னைக்கு 1975-ல். படம் எடுத்தவர்கள் பத்திரிகை படித்தவர்கள். புதிய சாமானைப் புராணத்துக்குள் குறும்பாக நுழைத்திருக்கிறார்கள். ஆனால், உங்கள் மனசில் இருப்பவர் யார் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? கேட்கக்கூடாது. அது மாயம். கேட்காமல் ரசிப்பதுதான் அங்கே ஒப்பந்தம்.

மறுபக்க லாரி 1963-ல் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் விண்கலத்தில் வந்து பானுமதியைக் கடத்திப் போகிறார்கள். ஏனாம்? அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, பாட்டும் கூத்தும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்! மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு வருடம் முன்னால் இப்படி ஒரு தமிழ்ப்படம்.

அப்புறம் சுஜாதா. பெங்களூர் பி.இ.எல்.லில் எஞ்சினீயர். மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் பங்கு உள்ளவர். 1980-களில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2020-களின் இந்தியாவில் நடக்கும். ஜீவா என்ற தலைவர், ஜீனோ என்ற ரோபோ நாய். தமிழ் வார இதழ் வாசகர்கள், பஸ்ஸிலும் சலூனிலும் உட்கார்ந்து, ஒரு நாய் புத்தகம் படிப்பதை நம்பினார்கள். மந்திரத்தால் பேசும் கிளி நமக்குப் பழக்கம். புரோகிராமால் பேசும் நாய் புதுசு.

அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கம், அவருடைய 'கொலையுதிர் காலம்'. ஒரு பழைய பங்களாவில் பேய் நடமாட்டம். கணேஷும் வஸந்தும் போகிறார்கள். லேசர் வைத்துக் காட்டும் ஹோலோகிராம் வித்தை என்பது கணேஷ் கட்சி. போங்க பாஸ், இது வேற சமாசாரம் என்பது வஸந்த் கட்சி. கடைசிப் பக்கத்திலும் சந்தேகம் முழுதாகத் தீராது. பிரான்ஸில் வாழ்ந்த தொதரோவ் என்ற விமர்சகர் 1970-ல் ஒரு புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். நடந்தது இயற்கையா, அமானுஷ்யமா என்று வாசகர் தவிக்கிற அந்தத் தயக்கமே ஒரு தனி வகை இலக்கியம் என்று. எல்லைக்கோட்டின் மேலேயே வீடு கட்டிக் குடியிருப்பது! சுஜாதா அதைத் தொடர்கதையில் வாராவாரம் செய்துகாட்டினார்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் காலமானார். மூன்றே வாரம் கழித்து, மார்ச் 19-ல், கொழும்பில் ஆர்தர் சி.கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். மிகவும் முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற கருத்து அவருடையது. பார்வையாளருக்கு அது சரி. ஆனால், செய்தவருக்குத் தெரியுமே! மயில் பறப்பதைக் கீழே நின்று பார்த்தவனுக்கு அது மாயம். அரக்கு காய்ச்சியவனுக்கு வேலை.

இப்போது இரும்புக்கை மாயாவியின் பில்லை மறுபடி பார்ப்போம். சோதனைப்படி அவர் எந்தப் பக்கம்? மின்சாரம் தாக்கினால் அவர் மறைகிறார். நீங்களோ நானோ கம்பியில் கை வைத்தால் வேறு விதமாக மறைவோம், பதினாறாம் நாள் காரியத்தோடு. சாவி மின்சாரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது, நிஜத்தில் அது அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. பெயர் வைத்த சிவகாசிக்காரர்கள் ஏமாறவில்லை. மாயாவிதான்!

'எந்திரன்' (2010) சிட்டி? தன்னைத்தானே நூற்றுக்கணக்கில் நகல் எடுத்துக்கொள்ளும் இயந்திரம். நகல் எடுக்க முடிகிறது என்றால் பாஸ். அதன் அடுத்த பாகமான '2.0' (2018)? செத்துப்போன பறவைகளின் ஆவிசக்தியும் ஒரு மனிதரின் ஆவிசக்தியும் சேர்ந்து செல்போன்களைப் பறக்கவிடுகின்றன. ஃபோட்டான் என்று பெயர் சொன்னாலும் அது ஆவிதான். பாதி லாரி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். 'இன்று நேற்று நாளை'யில் (2015) கால இயந்திரம் கிடைத்த இரண்டு இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? ஜோசியக் கடை! விஞ்ஞானச் சரக்கை மாந்திரீக பில் போட்டு விற்கிறார்கள். நம் ஊர் வியாபாரத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் கோடு போடவேண்டும்? இனிதான் முக்கியமான பகுதி.

கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 'வைமானிக சாஸ்திரம்' என்று ஒரு சமஸ்கிருத நூல். பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லி, சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-க்கும் 1923-க்கும் இடையே வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. ருக்ம விமானம், சகுன விமானம் என்று வரைபடங்களும் உண்டு. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து நூலைப் பரிசீலித்தார்கள். கேலி செய்யவில்லை. மொழியைப் பார்த்தார்கள், வரலாற்றைப் பார்த்தார்கள், எடை, காற்றியக்கம் எல்லாம் கணக்குப் போட்டார்கள். முடிவு: நூல் 1904-க்கு முந்தியதாக இருக்க முடியாது, சொல்லப்பட்ட விமானம் எதுவும் பறக்காது.

அதோடு முடிந்ததா? 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே பழங்கால இந்திய விமானங்கள் பற்றி, இந்த நூலை ஆதாரமாகக் காட்டி, ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவித்தும் வாசித்தார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பறத்தலை வைத்துப் பாருங்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி எஸ்.எல்.வி-3 கிளம்பி, வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். என்ன செய்தார்கள்? முனிவர் சாபம் என்று உட்காரவில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வகை ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 கிளம்பியது அதே கரையிலிருந்துதான்.

வால்வு கசிந்தது என்று ஒப்புக்கொள்வதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. வைமானிக சாஸ்திர விமானங்களில் ஒருநாளும் வால்வு கசிந்ததில்லை. கசிய வால்வு வேண்டுமே!

கோட்டை அழிப்பவர்கள் விஞ்ஞானத்தைக் கெடுக்கிறார்கள் என்று மட்டும் நினைக்கிறோம். எனக்கென்னவோ, அவர்கள் கதைக்குச் செய்யும் துரோகம் அதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. புஷ்பக விமானம் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் விமானம் என்பார்கள். எவ்வளவு அழகான கற்பனை! அதைப் பிடித்து இழுத்துவந்து, எரிபொருள் என்ன, இறக்கை நீளம் என்ன என்று சர்ட்டிபிகேட் வாங்க நிற்கவைத்தால், அது விமானமாகவும் தேறாது, கவிதையாகவும் மிஞ்சாது. சிந்தாமணி மயிலுக்கும் அதே கதிதான். 'தமிழன் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தான்' என்று ஒரு செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். துணியும் அரக்கும் மெழுகும் சேர்த்தால் கர்ப்பிணிப் பெண்ணைச் சுமந்து பறக்காது. தேவர் செய்தது மயிலை அல்ல, 'செய்ய முடியும்' என்ற எண்ணத்தை. அந்தப் பெருமை போதாதா? பேடன்ட் வேறு வேண்டுமா?

அடுத்த முறை இப்படி ஒரு தகவல் வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். சித்தப்பா அனுப்பியதாகக்கூட இருக்கும். 'சாவி எங்கே?' என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்தால் வாங்கி வலப்பக்கம் திருகிப் பாருங்கள். கொடுக்கவில்லையென்றாலும் நஷ்டமில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து, சுடுகாட்டில் போய் இறங்கிய அந்த மயில் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.